தோட்டத்துச் சாளையில் தனியாகக் குடியிருக்க: ராத்திரி ரெண்டு மணிக் கணக்கு

கேட்டிருப்பது இதுதான்: காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் நாலு ஏக்கர் மேட்டுக்காடு. ஒரு கிணறு, ஒரு போர்வெல், பழைய ஓட்டுச் சாளை (தோட்டத்து வீடு). அடுத்த சாளை அரை கிலோமீட்டர் தள்ளி. கணவன், மனைவி, எழுபதைத் தாண்டிய அம்மா மூவரும் கோவையை விட்டு அங்கே குடிபோக நினைக்கிறார்கள். சத்தமில்லாமல் ரசித்து வாழவும் வேண்டும், நாலு மாதத்தில் வெறுத்துப்போய்த் திரும்பவும் கூடாது. என்ன செய்யலாம்?

தோட்டம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்த நேரத்தில் எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். வேறொரு நேரத்தை வைத்து யோசியுங்கள். ஐப்பசி மாதம், ராத்திரி ரெண்டு மணி, மழை, கரண்ட் இல்லை, அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்கிறார். வெளிச்சம் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? போன் பேச முடிகிறதா? வாசல் வரை வண்டி வருமா? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் மற்றதெல்லாம் ரசனைதான். இல்லையென்றால் எத்தனை மயில் வந்து ஆடினாலும் மனசு ஒட்டாது.

முதலில் வழி. கொங்குப் பக்கம் கிளுவை வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிதான் பல தோட்டங்களுக்கு ஒரே வழி. பத்திரத்தில் ‘மாமூல் பாதை’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். புல வரைபடத்தில் அந்தப் பாதை காட்டப்பட்டிருக்கிறதா, அ-பதிவேட்டில் (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவேடு) அது வண்டிப்பாதைப் புறம்போக்கா, தனியார் பட்டாவா என்று பாருங்கள். பட்டா, அ-பதிவேடு, வரைபடம் மூன்றும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. பாதை அடுத்தவர் பட்டாவில் போகிறது என்றால், இன்றைக்குப் பெரியவர் விடுவார். நாளைக்குப் பாகம் பிரிந்ததும் பையன் கல் நடுவான். குடிபோகும் முன்பே பாதை உரிமையைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அகலம் பன்னிரண்டு அடி இருந்தால் ஆம்புலன்ஸ் வரும். செம்மண் காடு என்றால் கிராவல் அடித்தாலே போதும். கரிசல் என்றால் கிராவல் ஒரே மழையில் சேற்றுக்குள் இறங்கிவிடும். அடியில் பெரிய கல் பரப்பி, அதன்மேல் ஜல்லி, அப்புறம்தான் கிராவல். வாசலில் வண்டி திரும்ப நாற்பது அடிக்கு நாற்பது அடி வெற்றிடம் விடுங்கள். 108 வண்டி அரை கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்டிப் போவது பார்க்கச் சகிக்காது. வீட்டு இடத்தின் ஜிபிஎஸ் குறியையும், தார் ரோட்டில் எந்தக் கோயில், எந்த ரேஷன் கடை பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக்கு வழி சொல்லவே நாக்குக் குழறும்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய இன்னொன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் தொடங்கும் மேல்காற்று ஆவணி, புரட்டாசி வரை விடாது. மேற்கே ஒரு கிலோமீட்டருக்குள் கறிக்கோழிப் பண்ணையோ, தேங்காய் நார் மில்லோ, கிரஷரோ இருந்தால் நாலு மாதம் நாற்றமும் தூசியும் உங்கள் வீட்டுக்குள்தான். கார்த்திகையில் பார்த்து வாங்கினால் இது தெரியவே தெரியாது, அப்போது வாடைக்காற்று எதிர்ப்பக்கமிருந்து வரும். தாராபுரம் பக்கம் காற்றாலைகளையும் கவனியுங்கள். பகலில் காதில் விழாத இறக்கைச் சத்தம், ஊரடங்கிய ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும். ஆடியில் ஒரு ராத்திரி அங்கே கட்டில் போட்டுப் படுத்துப் பாருங்கள், இதைவிட நல்ல பரிசோதனை இல்லை. நொய்யல் ஓரத்து நிலம் என்றால் தனி எச்சரிக்கை: திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றிய கிணறுகள் கெட்ட கதை ஊரறிந்தது.

தண்ணீர். போர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் நாலையும் பார்த்துவிடுங்கள். எப்படி வந்தாலும் சரி, குடிக்கவும் சமைக்கவும் மழைநீர்தான் இந்தப் பக்கத்துக்கு ஏற்றது. கணக்குப் பாருங்கள். ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்குப் பக்கம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவது சுமார் 55,000 லிட்டர்; சிந்தியது சிதறியது போக 44,000 கைக்கு வரும். மூணு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர் வைத்தால் வருஷத்துக்கு 7,300 லிட்டர். ஆக 10,000 லிட்டர்த் தொட்டி ஒன்று ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்துவிட்டால் அடுத்த ஐப்பசி வரை தாங்கும். ஆர்ஓ இயந்திரம் வாங்கி, அது வீணாக்கும் தண்ணீரைப் பார்த்து வயிறெரிய வேண்டியதில்லை.

இதில் கெடுவது எப்போதும் முதல் மழைத் தண்ணீரால்தான். கூரையில் காய்ந்து கிடக்கும் பறவை எச்சம், சருகு, தூசி எல்லாம் முதல் ரெண்டு மில்லிமீட்டர் மழையில் இறங்கும். ஆயிரம் சதுர அடிக்கு அது ஏறக்குறைய 190 லிட்டர். எனவே இறங்கும் குழாயில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்று வைத்து, முதல் தண்ணீர் ஒரு 200 லிட்டர் டிரம்மில் போய் நிறையட்டும். அது நிறைந்த பிறகே தண்ணீர் வடிகட்டிக்குத் திரும்ப வேண்டும். டிரம்மின் அடியில் சின்னக் குழாய் வைத்து ஒவ்வொரு மழைக்குப் பிறகும் காலி செய்யுங்கள். மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குத்தான் போகும். வடிகட்டிக்குள் கீழே ஜல்லி, நடுவில் அடுப்புக்கரி, மேலே கழுவிய மணல். தொட்டிக்குள் வெளிச்சம் துளியும் நுழையக் கூடாது, நுழைந்தால் பாசி பிடிக்கும். காற்றுக் குழாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் கொசுவலை கட்டாயம்.

புழங்கும் தண்ணீருக்கு மேல்நிலைத் தொட்டி 2,000 லிட்டர் வையுங்கள். மோட்டார் கெட்டால் மெக்கானிக் வர மூணு நாள் ஆகும், சீசனில் ஒரு வாரம்கூட ஆகும். பம்புசெட் இலவச மின்சாரத்தில் வீட்டு விளக்கு எரிப்பது சட்டப்படி குற்றம். மும்முனை மின்சாரம் வரும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள், குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம்.

கடைக்கோடி இணைப்பில் வோல்டேஜ் 190-க்கு இறங்குவது சாதாரணம். அதற்கு மேல், மீட்டர் ரோட்டோரம், வீடு 100 மீட்டர் உள்ளே என்றால் கேபிளின் தடிமன்தான் விஷயம். ரெண்டு கிலோவாட் சுமைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 20 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், 4 சதுர மில்லிமீட்டரில் 8 வோல்ட்தான் போகும். பிரிட்ஜ் கம்ப்ரசர் அடிக்கடி போவதற்குப் பிரிட்ஜைத் திட்டுகிறார்கள், குற்றம் பெரும்பாலும் கம்பியில் இருக்கும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, இடி மின்னலுக்கு சர்ஜ் அரெஸ்டர் ரெண்டும் மெயின் பெட்டியில் இருக்கட்டும். மேட்டுக்காட்டு மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. எர்த் குழியைச் சமையலறைத் தண்ணீர் போகும் பக்கம் தோண்டினால் கோடையிலும் ஈரம் இருக்கும்.

ராத்திரிக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்? குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி மூன்று, ஒவ்வொன்றும் 30 வாட், பத்து மணி நேரம்: 900 வாட்மணி. ஒன்பது வாட் விளக்கு நாலு, நாலு மணி நேரம்: 144. இணைய ரவுட்டர் 12 வாட், விடிய விடிய: 150 என்று வையுங்கள். மொத்தம் 1,200 வாட்மணி. ஒரு 150 ஆம்பியர்மணிப் பேட்டரியில் இருப்பது 1,800. அதில் பாதிக்கு மேல் தினமும் உறிஞ்சினால் ஈய பேட்டரி ரெண்டு வருஷத்தில் படுத்துவிடும். எனவே ரெண்டு பேட்டரி, 24 வோல்ட் இன்வெர்ட்டர், ஒரு கிலோவாட் சோலார் தகடு. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தினம் நாலு யூனிட் தரும். பழைய சாதா மின்விசிறியை (75 வாட்) அப்படியே வைத்துக்கொண்டு பேட்டரியைப் பெருக்குவது வீண் செலவு.

கழிவறை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அம்மா ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போகும்படி வைக்காதீர்கள். செப்டிக் டேங்க்கை விட இரட்டைக் குழி சுலபம்: உள்விட்டம் மூன்றரை அடி, ஆழம் நாலடி, சந்து சந்தாய் இடைவெளி விட்ட செங்கல் சுவர், ரெண்டுக்கும் நடுவில் ஒய் வடிவப் பிரிப்பான். ஒரு குழி நிறைய மூணு பேருக்குச் சில வருஷம் ஆகும். நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை ஒன்றரை, ரெண்டு வருஷம் மூடி வைத்தால் வாடையில்லாத மக்கு கிடைக்கும், தென்னைக்குப் போடலாம். கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளியிருக்க வேண்டும். அடியில் வெடித்த பாறை என்றால் நூறு அடி. குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நாளைக்கு 200-லிருந்து 250 லிட்டர் வரும். பத்துப் பன்னிரண்டு வாழை அதைக் குடித்துவிடும். ஒரே இடத்தில் விட்டால் சாக்கடையாகும். வாய்க்காலை ரெண்டாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பக்கம் மாற்றிவிடுங்கள்.

இனிப் பாம்பு. இதைப் பற்றி நாகரிகமாகப் பேசாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் தனி வீட்டில் குடியிருக்க நினைக்கும் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கும் பயம் இதுதான். காங்கேயம் பக்கக் கல்லாங்காட்டில் சுருட்டை விரியன் கற்குவியலில் இருக்கும். கண்ணாடி விரியன் சருகிலும் தட்டுப் போரிலும் (சோளத்தட்டுக் குவியல்), நாகம் எலி இருக்கும் இடத்தில். வீட்டுக்குள் வந்து ஆளைக் கொல்வது பெரும்பாலும் கட்டுவிரியன். அது ராத்திரியில் வரும், தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களைக் கடிக்கும், கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, இமை தானாகச் சரிவது, எச்சில் விழுங்க முடியாமை. இதைப் பார்த்தும் ‘நேற்றுச் சாப்பிட்டது சேரவில்லை’ என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் மிஞ்ச மாட்டார்.

எனவே கட்டிலில்தான் படுக்க வேண்டும், கட்டில் சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். இந்த மூன்றும் செய்தாலே பாதிப் பயம் போய்விடும். கதவுக்கு அடியில் சுண்டு விரல் நுழையும் சந்து இருந்தால் குட்டிப் பாம்பு நுழையும்; ரப்பர்ப் பட்டை அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் இரும்பு வலை வையுங்கள்.

பாம்பு ஏன் வாசலுக்கு வருகிறது என்பதற்கு ஒரு சங்கிலி உண்டு. கதவுக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு எரிகிறது, விளக்குக்கு ஈசலும் வண்டும் வருகின்றன, அதைத் தின்னத் தேரையும் பல்லியும், அவற்றைத் தேடிப் பாம்பு. விளக்கைக் கதவிலிருந்து பதினைந்து, இருபது அடி தள்ளிக் கம்பத்தில் வைத்து வீட்டைப் பார்த்துத் திருப்புங்கள். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எல்இடி போடுங்கள், பூச்சி கண்ணுக்குத் தெரியும்படி குறையும். விறகை ஓரடி உயர மேடையில் அடுக்குங்கள். கோழித் தீவனம் மூடியுள்ள தகர டப்பாவில் இருக்கட்டும், எலி வந்தால் பின்னாலேயே நாகம் வரும். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புல் இல்லாமல் செதுக்கி வையுங்கள். மாசி, பங்குனியில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லில் தீ பிடித்தாலும் இதே பத்தடிதான் காப்பாற்றும். தட்டுப் போர் ஐம்பது அடி தள்ளி, அதுவும் காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம்.

கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் குச்சி வைத்துக் கை காலை அசையாமல் வைத்துக் கொண்டுபோங்கள். பாம்பைப் பிடிக்க நேரம் செலவழிக்க வேண்டியதில்லை; இந்த நாலு வகைக்கும் ஒரே மருந்துதான். குடிபோன முதல் வாரத்திலேயே பக்கத்து அரசு மருத்துவமனைகளில் நேரில் கேட்டு வையுங்கள்: விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா, ராத்திரி டாக்டர் இருப்பாரா, வென்டிலேட்டர் எங்கே இருக்கிறது?

ஆள் பயம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 ஏப்ரல் கடைசியில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனியாக இருந்த வயதான தம்பதி. இதைச் சொல்லாமல் தோட்டத்து வாழ்க்கையைப் புகழ்வது நேர்மையில்லை. நகை மொத்தமும் வங்கி லாக்கரில்தான், அது அங்கே இருப்பது ஊருக்கும் தெரிய வேண்டும். தேங்காய், கால்நடை விற்ற பணத்தை ரொக்கமாக வீட்டில் வைக்காதீர்கள். முன்கதவுக்கு வெளியே உள்ளிருந்து பூட்டும் இரும்பு கிரில், ராத்திரி யார் கூப்பிட்டாலும் கிரிலுக்கு இந்தப் பக்கம் நின்றே பேச்சு. மோட்டார் அறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டாலும், மாடு கத்தினாலும் தனியாக வெளியே போகாதீர்கள், வெளியே வரவழைக்க இது பழைய உத்தி. சிம் போட்ட சோலார் கேமரா ஒன்று இட்டேரி முகப்பில் இருக்கட்டும். தனியாக இருக்கும் விவரத்தை எல்லைக் காவல் நிலையத்தில் சொல்லி, ரோந்தில் சேர்க்கக் கேளுங்கள். ‘காவல் உதவி’ செயலி எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

நாய் ரெண்டு வேண்டும். ராஜபாளையம், கோம்பை என்று தேட வேண்டியதில்லை, சுற்றுவட்டாரத்து நாட்டு நாய்க் குட்டிகளே போதும். ஒன்று வெளியே, ஒன்று ராத்திரியில் கிரிலுக்கு உள்ளே. வெளியே இருப்பதற்கு எவனாவது கறியில் மருந்து வைத்தாலும் உள்ளே இருப்பது குரைக்கும். வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம். சம்பளம் இல்லாத இன்னொரு காவலாளி ஆள்காட்டிக் குருவி. தரையில் முட்டையிடும் பறவை, மனிதனோ நரியோ நடமாடினால் நடுராத்திரியிலும் விடாமல் கத்தும். எந்தத் திசையிலிருந்து கத்துகிறது என்று கவனிக்கப் பழகினால் நாய்க்கு முன்னால் உங்களுக்குத் தெரியும்.

பக்கத்தில் வீடே இல்லை என்பதால் மனிதர்களே வேண்டாம் என்று ஆகிவிடாது. உண்மையில் அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாளைக்காரர், கோவை அபார்ட்மெண்டின் எதிர்வீட்டுக்காரரைவிடப் பத்து மடங்கு முக்கியம். டிராக்டர், பாம்பு பிடிக்கிற ஆள், போர் மெக்கானிக், கறவை மாட்டுப் பால் எல்லாம் அவர் மூலமாகத்தான் வரும். ஊர் நோம்பிக்கு (திருவிழா) வரி கொடுங்கள், இழவு விழுந்தால் போய் நில்லுங்கள். பொது வேலியில் ஒரு கிளுவைக் கொம்பை வெட்டினாலும் அவரிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள். வரப்புத் தகராறு வந்த தோட்டத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

இனி ரசிக்கிற விஷயம். முதல் வருஷம் மாடு வேண்டாம். ஒரு மாடு வாங்கினால் காலை, மாலை ரெண்டு கறவைக்கும் ஆள் இருக்க வேண்டும், ஒரு கல்யாணத்துக்குக்கூடக் குடும்பமாகப் போக முடியாது. நாட்டுக்கோழி அஞ்சு பெட்டை, ஒரு சேவல் போதும். கீரி பகலிலும் காட்டுப்பூனை ராத்திரியிலும் வரும் என்பதால் கூண்டின் வலை தரைக்குக் கீழே ஓரடி புதைய வேண்டும். நாலு ஏக்கரையும் உழுது வெள்ளாமை செய்யத் துடிக்காதீர்கள். மூணு ஏக்கரைக் கொறங்காடாகவே விடுங்கள்: கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலான். செம்மறி ஆட்டுக்காரர்கள் மேய்ச்சலுக்குக் குத்தகை எடுப்பார்கள், நிலமும் காயாது, உங்களுக்கும் தினசரி வேலை இல்லை. வேலியில் சந்து விழுந்த இடத்தில் கட்டை விரல் தடிமனுக்கு மேல் உள்ள நாலடிக் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகள்) மழைக்கு முன் ஓரடி ஆழத்தில் நெருக்கமாக நட்டுக் குறுக்கே குச்சி வைத்துக் கட்டினால் தழைத்து அடைத்துக்கொள்ளும். மயில் நிலக்கடலையையும் தக்காளியையும் விடாது. அதை விரட்டலாம், தொடக்கூடாது, சட்டம் கடுமையானது. காய்கறிக்கு இரண்டு சென்ட் இடத்தை மேலேயும் வலை போட்டு மூடிவிடுங்கள்.

உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் தோட்டத்து வீட்டில் பெரிய கலை. திண்ணையைக் கிழக்குப் பக்கம் வையுங்கள். மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் நிழல் விழுந்துவிடும், ஆடிக்காற்றும் முகத்தில் மண்ணை அடிக்காது. மேற்கே வேம்பும் புங்கனும் நட்டால் காற்றும் தணியும், சுவரும் சுடாது. முருங்கையை வீட்டோரம் வைக்காதீர்கள், மழை பெய்தால் கம்பளிப்பூச்சி சுவரெல்லாம் ஏறும், காற்றில் கிளையும் முறியும். தென்னை கூரையிலிருந்து இருபது அடி தள்ளியிருக்கட்டும்.

ஓட்டுச் சாளையோடு மொட்டை மாடியும் கட்டிக்கொண்டால் அங்கே ஒரு கயிற்றுக் கட்டில் போதும். வெளி விளக்கையெல்லாம் ஒரே சுவிட்சில் அணைக்கும்படி ஒயரிங் செய்யச் சொல்லுங்கள், மாடிக்கும் ஒரு சுவிட்ச் வேண்டும். மாசியில் ராத்திரி 9 மணிக்குத் தெற்கே தாழ்வாகப் பளிச்சென்று நிற்பது அகத்தியர் நட்சத்திரம். வைகாசியில் அதே நேரம் அதே திசையில் இன்னும் தாழ்வாகச் சிலுவை போல நாலு விண்மீன், திரிசங்கு என்பார்கள். பால்வீதி வேண்டுமென்றால் சித்திரை அமாவாசையை ஒட்டிப் பின்னிரவு 2 மணிக்கு மேல் மேலே ஏறுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், நடுவில் போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

கோவை வீட்டை உடனே விற்காதீர்கள், வாடகைக்கும் விடாதீர்கள். ஆடியில் ஒரு மாதம், ஐப்பசியில் ஒரு மாதம் மூவரும் அங்கே தொடர்ந்து இருந்து பாருங்கள். ஆடி காற்றையும் தூசியையும் காட்டிவிடும்; ஐப்பசி வழியையும் கூரையையும் மின்சாரத்தையும் காட்டிவிடும். அந்த ரெண்டு மாதத்திலும் எது எது பழுதானது என்று ஒரு நோட்டில் எழுதி, அதைச் சரிசெய்த பிறகு தை மாதம் சாமான் ஏற்றுங்கள்.